வாரில் சிக்கிய சேலை

ஆடி மாதம் பிறந்துவிட்டால் ஊசிமலைத் தோட்டத்தில் வானம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் நிற்கும்போது தொடங்கிய மழை சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போதும் பெய்துகொண்டிருக்கும். தோட்டத்துச் சனத்துக்கு அது பழகிப்போன விஷயம். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மலையேறிவிடுவார்கள். பழகாதவர்கள் கொழும்பிலிருந்து குளிர்மையான ஊர் பார்க்க வந்து இறங்குகிற விருந்தாளிகள்தான்.

அறுபதாம் வருஷத்து ஆகஸ்ட் விடுமுறைக்குத் தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் நடராசாவின் குவாட்டர்ஸுக்கு அப்படி இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி நடராசாவின் மனைவியுடைய தங்கை குணபூசணி. வெள்ளவத்தையில் பள்ளிக்கூட ஆசிரியை. மற்றவர் அவளுடைய புருஷன் ஜெயரத்தினம். கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. நுவரெலியா பூங்காவையும் வாவியையும் பார்க்கவேண்டும், வாவியில் படகில் போகவேண்டும் என்றெல்லாம் ஆசையோடு வந்திருந்தார்கள். ஒரு நாள் கார் பிடித்துப் போனார்கள். பூங்காவில் பூவுக்குப் பதிலாகப் பனிமூட்டம்தான் தெரிந்தது. படகுக்காரன் படகைக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்கோ போயிருந்தான். ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே இருப்பு. கேரம் போர்டு ஆடினார்கள். சீட்டு ஆடினார்கள். ரேடியோவில் பாட்டுக் கேட்டார்கள். உளுந்து வடை சுடச்சுடத் தின்றார்கள். எல்லாம் சலித்துப்போனது. ஜெயரத்தினம் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, "எப்பதான் விடும் இந்த மழை?" என்று நூறு தடவை கேட்டார்.

"நாளைக்கு ஸ்டோரைக் காட்டுறன். அங்க நனையாமல் சுத்திப் பார்க்கலாம்" என்றார் நடராசா.

தோட்டத்துக்காரர்கள் ஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலையை. மழைநாளில் விருந்தாளிகளைக் கூட்டிப்போய்க் காட்ட அந்த மலையில் வேறு இடம் கிடையாது. ஆனால் துரையின் அனுமதி இல்லாமல் வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பது கட்டளை. தோட்டத்தை நடத்துகிற துரை வந்து கொஞ்ச மாதமே ஆன வெள்ளைக்காரர். மறுநாள் காலை அவர் ஹட்டனுக்குப் போகிறார் என்பது நடராசாவுக்குத் தெரியும். அந்தத் துணிச்சலில்தான் சொன்னார்.

இந்தப் பேச்சு நடந்தபோது மீனம்மா பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பது வயதுக்குப் பக்கம். பிறந்தது அதே தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில். சின்ன வயதில் கொழுந்து மலையில் சறுக்கி விழுந்து இடது கணுக்கால் முறிந்து, அது கோணலாகவே கூடிப்போனது. ஏற்றத்தில் ஏறினால் கால் வீங்கிவிடும். அதனால் ஸ்டோரில் தேயிலை சலிக்கவும் குச்சி பொறுக்கவும் போட்டார்கள். அந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வேலைக்கு முன்னும் பின்னும் கிளாக்கர் வீட்டில் கூட்டிப் பெருக்கிக் கொடுப்பாள். கிளாக்கரம்மா இராசமணி கடுகடுப்பானவள்தான். ஆனால் மிச்சம் மீதியை மூடி வைத்துக் கொடுத்தனுப்புவாள். புருஷன் வீரய்யா கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை வெட்டி ஒழுங்கு பண்ணுகிறவன். வாயில்லாத மனுஷன்.

"மீனம்மா, நாளைக்கு நீ எங்கட ஆக்களோட நில். தங்கச்சி வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்" என்றார் நடராசா.

"சரிங்கய்யா."

அவர்கள் ஸ்டோருக்குப் போனது மறுநாள் முற்பகல். நடராசா முன்னால் போக, விருந்தாளிகள் இருவரும் குடையோடு வர, மீனம்மா பின்னால் போனாள். ஸ்டோர் வாசலில் தன் கம்பளியை ஆணியில் மாட்டினாள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் நடராசாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பெரிய கிளாக்கரிடம் எப்படி மறுத்துச் சொல்வது? தன் அறைக்குள் போய்விட்டார்.

மேல்மாடியில் கொழுந்து வாட்டுவதைப் பார்த்தார்கள். குணபூசணி ஒரு பிடி கொழுந்தை அள்ளி முகர்ந்து, "ஆப்பிள் வாசம் மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். நல்ல பெண். மீனம்மாவிடம் கால் எப்படி இப்படி ஆனது என்று கேட்டாள். மீனம்மா சொன்னதை முழுக்க நின்று கேட்டாள். நீல நிறத்தில் நைலான் சேலை கட்டியிருந்தாள். அப்போதுதான் கொழும்பில் புதுசாகப் பரவியிருந்த சேலை. குளிர் தாங்காமல் முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். நுனி முதுகுப்பக்கம் தொங்கியது.

கீழே ரோலர் அறைக்கு இறங்கினார்கள். அங்கே பேச்சுக் காதில் விழாது. கூரைக்குக் கீழே ஒரு நீளமான இரும்புத் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு ரோலருக்கும் அகலமான தோல் வார் ஒன்று இறங்கி ஓடும். வாடிய கொழுந்தைப் பித்தளை மேசையில் போட்டு அரைத்து உருட்டுவது அந்த ரோலர். வாரைச் சுற்றிக் கம்பி வேலி இருக்கவேண்டும். கடைசி ரோலரில் ரிப்பேருக்குக் கழற்றிய வேலியை யாரும் திரும்ப மாட்டவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

மீனம்மா அதைக் கண்டாள்.

"அம்மா, இங்கிட்டு வாங்க. அந்தப் பக்கம் வேணாம்" என்று கத்தினாள்.

இரைச்சலில் குணபூசணிக்குச் சொல் விளங்கவில்லை. நடராசா ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பித்தளை மேசையைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். குணபூசணி பச்சைக் கொழுந்து செம்பு நிறமாக மாறுவதைப் பார்க்க முன்னால் குனிந்தாள். குனிந்ததும் முதுகில் கிடந்த முந்தானை நுனி பக்கவாட்டில் பறந்தது.

வார் அதைக் கவ்விக்கொண்டது.

அவளால் கத்தவும் முடியவில்லை. குணபூசணியின் தலை பின்னால் சடக்கென்று இழுபட்டது. கைகள் கழுத்துக்குப் போயின. பருத்திச் சேலையாக இருந்தால் அந்த இழுப்பில் கிழிந்திருக்கும். நைலான் கிழியவில்லை. கயிறாக முறுக்கிக்கொண்டு கழுத்தை இறுக்கியது. ஜெயரத்தினம் பாய்ந்து வந்து மனைவியின் இரண்டு தோளையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். யாருமே அப்படித்தான் செய்வார்கள். இழுக்க இழுக்கச் சேலை இன்னும் இறுகியது. அவளுடைய முகம் கறுத்து, கண் பிதுங்கியது.

"விடுங்கய்யா! இழுக்காதீங்க!"

ஜெயரத்தினம் விடவில்லை. வாரை நிறுத்துகிற கம்பி அறையின் அந்தக் கோடியில், கந்தப்பன் என்கிற ரோலர்காரனின் பக்கத்தில் இருந்தது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மீனம்மா ஓடினாள். ஜெயரத்தினத்தின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து முழு பலத்தோடு தள்ளினாள். அவர் ஈரத் தரையில் வழுக்கி மல்லாந்து விழுந்தார். அடுத்து குணபூசணியை இடுப்போடு கட்டிப் பிடித்து வார் இருக்கிற பக்கமே நெட்டித் தள்ளினாள். கழுத்துச் சுருக்கு ஒரு விரல் அளவு தளர்ந்தது. அந்த இடைவெளியில் கையை நுழைத்து, சுருக்கைத் தாடையைத் தாண்டித் தலைக்கு மேலே உருவினாள். வார் அவள் உள்ளங்கைத் தோலைச் சேலையோடு சேர்த்து உரித்துக்கொண்டு போனது.

கழுத்து விடுபட்டது. ஆனால் சேலை இன்னும் இடுப்பில் இருந்தது. வார் இரண்டு பேரையும் சேர்த்து இழுத்தது. மீனம்மா கோணல் காலை ரோலரின் இரும்புக் காலில் ஊன்றிக்கொண்டு, குணபூசணியின் கொசுவத்தைப் பிடுங்கி எறிந்தாள். நீலச் சேலை முழுதும் அவிழ்ந்து, சுழன்று, மேலே தண்டில் போய்ச் சுற்றிக்கொண்டு படபடவென்று அடித்தது. அந்தச் சத்தத்தில்தான் கந்தப்பன் திரும்பி வாரை நிறுத்தினான்.

இரைச்சல் அடங்கியபோது ரோலர் அறையில் இருந்த அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரிய கிளாக்கரின் மைத்துனி உள்பாவாடையும் சட்டையுமாகத் தரையில் கிடந்தாள். மீனம்மா வாசலுக்கு ஓடித் தன் கம்பளியை எடுத்துவந்து அவளை மூடினாள்.

"மூச்சு விடுங்கம்மா. மெதுவா விடுங்க."

குணபூசணி மீனம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

நடராசா அப்போதுதான் பேசத் தெரிந்தவர் போல், "எளிய சனியன், என்ன வேலை செய்தனீ?" என்று மீனம்மாவைப் பார்த்து உறுமினார்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் வந்து பார்த்துக் குணபூசணிக்கு உயிருக்கு ஆபத்தில்லை என்றார். தொண்டை வீங்கியிருக்கிறது, சில நாள் பேசக்கூடாது என்றார். மீனம்மாவின் கைக்கு யாரோ பழந்துணியைச் சுற்றிவிட்டார்கள். மத்தியானம் துரை ஹட்டனிலிருந்து திரும்பிவிட்டார். அனுமதியில்லாமல் வெளியாட்கள் வந்ததும், வாரில் சேலை சிக்கியதும் அவர் காதுக்கு எட்டிவிட்டது. நடராசாவைக் கூப்பிட்டார்.

நடராசாவுக்கு அப்போது யார் தலையிலாவது போட்டுவிடவேண்டிய நிலைமை. மீனம்மாதான் குணபூசணியை வேடிக்கை காட்டக் கூட்டிப்போனாள், தானே வாருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஆபீசில் விசாரணை என்று துரை சொன்னார்.

பொழுது சாயும் நேரத்தில் மீனம்மா வழக்கம்போலக் கிளாக்கர் வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் போனாள். இராசமணி கதவைப் பாதி திறந்தாள்.

"நீ இனி இஞ்ச வரவேண்டாம். அவ்வளவு ஆம்பிளையளுக்கு முன்னால என்ர தங்கச்சியை... போ."

கதவு சாத்திக்கொண்டது. மீனம்மா மழையில் திரும்பி நடந்தாள்.

லயத்துக் காம்பராவில், அவர்களுடைய ஒற்றை அறையில், வீரய்யா அடுப்படியில் குந்திக்கொண்டிருந்தான். லயம் முழுக்கப் பேச்சுப் பரவியிருந்தது. கிளாக்கர் பேர் வெட்டச் சொல்கிறார், பத்துச்சீட்டு ரெடியாகிறது என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டு வெளியே அனுப்புகிற சீட்டு. பொம்பளைக்குக் கொடுத்தால் புருஷனும் போகவேண்டும். குடியிருக்கிற காம்பராவும் போகும். நாட்டில் குடியுரிமை இல்லாத சனம், வேறு தோட்டத்தில் போய் நின்றாலும் எடுக்கமாட்டார்கள்.

"காலைல கிளாக்கர் கால்ல விழுந்துரு" என்றான் வீரய்யா.

"எதுக்கு விழணும்?"

"அந்தம்மா சேலைய உருவினதுக்கு."

"உருவாட்டி அந்தம்மா பொணமா கெடந்திருக்கும்."

"எனக்குத் தெரியுது புள்ள. தொரைக்குத் தெரியணுமில்ல?"

ரோலர் அறையில் நடந்ததை அருகிலிருந்து பார்த்தவர்கள் மூன்று பேர். நடராசா பொய் சொல்லியாகிவிட்டது. ஜெயரத்தினம் தரையில் விழுந்த அவமானத்தில் வாயைத் திறக்கவில்லை. குணபூசணிக்குக் குரலே இல்லை. அதுவுமில்லாமல் அவர்கள் அன்று ராத்திரி ரயிலிலேயே கொழும்புக்குப் போய்விடப் போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு வந்தது. மீனம்மாவின் சாட்சி ரயிலேறிப் போகிறது.

விடிந்தபோது மழை இன்னும் விடவில்லை. வட்டகொடைப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் எதுவும் ஓடவில்லை என்று பெரட்டில் சொன்னார்கள். மீனம்மா அதைக் கேட்டு ஆபீஸ் பக்கம் நடந்தாள். தொழிலாளர் சங்கத்துத் தலைவர் பழனியாண்டி அவளோடு வந்தார். நல்ல மனுஷர். ஆனால் அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தமிழில் அவருக்குத் தெரிந்தது வேலைக்கு ஏவுகிற சில வார்த்தைகள்தான். அதனால் அவர் கேட்பதைத் தமிழிலும், மீனம்மா சொல்வதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்ல நடராசாவே நின்றார். ஜெயரத்தினம் ஓரத்து நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

"நீ இந்த ஐயாவைத் தள்ளி விழுத்தினியா எண்டு துரை கேக்கிறார்."

"தள்ளினேன். அவரு இழுக்க இழுக்க கழுத்து இறுகிச்சுங்க."

நடராசா துரையிடம் சின்னதாக ஒரு வார்த்தை சொன்னார். துரை தலையாட்டினார்.

"அம்மாவை மெஷின் பக்கம் தள்ளினியா?"

"ஆமாங்க. தள்ளினாத்தான் சுருக்குத் தளரும்னு..."

மறுபடியும் ஒரே வார்த்தை. மீனம்மாவுக்குப் பாஷை புரியாவிட்டாலும் ஒன்று புரிந்தது. தான் நீளமாகச் சொல்வது அங்கே போகும்போது குட்டையாகிவிடுகிறது.

"சீலையை உரிஞ்சனீயா?"

"அய்யா, நான் சொல்றத முழுசாச் சொல்லுங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

"உருவினேன்."

அதையும் நடராசா சொன்னார். துரையின் முகம் சிவந்தது. அவள் செய்தது எல்லாமே அவள் வாயாலேயே வந்துவிட்டது. ஒன்றிலும் பொய் இல்லை. ஆனால் ஏன் செய்தாள் என்பது மட்டும் அந்த அறையில் துரையின் காதுக்குப் போகவேயில்லை. பழனியாண்டி ஏதோ சொல்ல எழுந்தார். துரை கையைக் காட்டி உட்காரவைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

வாசலில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். குணபூசணி நின்றாள். குடை இல்லை. தோளிலிருந்து முழங்கால் வரை மீனம்மாவின் கம்பளி. கழுத்தைச் சுற்றிக் கத்தரிப்பூ நிறத்தில் தடித்த கோடு.

ஜெயரத்தினம் எழுந்து ஓடினார். "நீர் ஏன் வந்தனீர்? டொக்டர் பேச வேண்டாமெண்டவர்."

அவள் அவரை விலக்கிவிட்டு மேசைக்கு முன்னால் வந்தாள். வெளி விறாந்தையில் நின்று கேள்வியையும் மாற்றிச் சொன்னதையும் கேட்டிருக்கிறாள். இங்கிலீஷில் பேசத் தொடங்கினாள். குரல் அடியில் காற்றுப் போவது போலக் கரகரத்தது. சொல்லுக்குச் சொல் நிறுத்தி மூச்சு வாங்கினாள். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். வாருக்கு எந்தப் பக்கம் நின்றாள், எந்தப் பக்கம் இழுபட்டாள் என்று கையால் காட்டினாள். கடைசியில் மீனம்மாவின் துணிச்சுற்றிய கையைப் பிடித்து மேசைமேல் வைத்தாள்.

பிறகு நடராசாவைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "அத்தான், நீங்கள்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது. அவ கத்தினது எனக்கு விளங்கேல்லை. நீங்கள் திரும்பிப் பார்த்தனீங்கள், உங்களுக்குக் கேட்டது."

நடராசா ஒரு அடி பின்வாங்கினார்.

"சீலை போனதுக்கு அக்கா வெட்கப்படுறா. எனக்கு வெட்கமில்லை. எனக்கு மூச்சு இருக்கு."

துரை ஜெயரத்தினத்திடம் ஏதோ கேட்டார். அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு மீனம்மாவைப் பார்த்தார். நேற்றிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஓம், உண்மைதான்" என்றார் தமிழிலேயே. பிறகு இங்கிலீஷில் மெல்லச் சொன்னார். என்ன சொன்னார் என்பதைக் குணபூசணி மீனம்மாவின் காதில் சொன்னாள். "நான்தான் இழுத்தன், அவ தள்ளியிராட்டில் நானே என்ர மனிசியைக் கொன்றிருப்பன் எண்டு சொல்லுறார்."

துரை பேனாவைக் கீழே வைத்தார்.

பத்துச்சீட்டு வரவில்லை. டீமேக்கருக்கும் கிளாக்கருக்கும் துரை கொடுத்த ஏச்சு ஆபீசுக்கு வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அன்றைக்கே வாருக்குக் கம்பி வேலி மாட்டினார்கள். தண்டில் சுற்றியிருந்த நீலச் சேலையைக் கந்தப்பன் ஏணி போட்டு அறுத்து எடுத்தான். தண்டவாளம் சரியானதும் விருந்தாளிகள் கொட்டகலை ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். போவதற்கு முன்னால் குணபூசணி லயத்துக்கு வந்து கம்பளியைத் திருப்பிக் கொடுத்தாள். காம்பராவின் ஒற்றைப் பலகையில் உட்கார்ந்து பாலில்லாத சாயத்தண்ணி குடித்தாள். இரண்டு பேருக்கும் பேச அதிகம் இல்லை. எழும்போது மீனம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்து, "நோகுதா?" என்றாள்.

"எரியுதுங்கம்மா. சரியாயிரும்."

நடராசா வேலையில் இருந்து போகவில்லை. அவர் பெரிய கிளாக்கராகவே இருந்தார். அடுத்த வாரப் பெரட்டில் மீனம்மாவின் பேரை ஸ்டோருக்குக் கூப்பிடவில்லை. மேல்மலைக் கொழுந்துக்குக் கூப்பிட்டார்கள். யார் சொல்லி என்று வேலை பிரிக்கிற கங்காணி வாயைத் திறக்கவில்லை. கேட்கவும் தேவையிருக்கவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அவள் கூடையைச் சுமந்துகொண்டு மலையேறினாள். ஆறாத கையால் கொழுந்து கிள்ளினாள். சாயங்காலம் கணுக்கால் பானை மாதிரி வீங்கும். வீரய்யா வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுப்பான். "நான் அன்னைக்கு கால்ல விழச் சொன்னது தப்புப் புள்ள" என்று ஒரு நாள் சொன்னான். அவள் காலை நீட்டிக்கொண்டாள். பழனியாண்டி துரையிடம் போய்ப் போய்க் கேட்டார். பதில் இழுபட்டது.

தை பிறந்து வெயில் வந்தபிறகு ஸ்டோரில் சலிக்கிற கைகள் போதவில்லை. டீமேக்கரே லயத்துக்கு ஆள் அனுப்பினார். மீனம்மா போய் நின்றாள்.

"திரும்பி வாறியா?" என்று கேட்டார்.

"வர்றேங்கய்யா. ஆனா விருந்தாளிங்களுக்கு வழிகாட்ட என்னைக் கூப்பிடக் கூடாது. அவங்களுக்கு வேடிக்கை. எனக்கு வயித்துப்பாடு."

டீமேக்கர் அவள் பேரைப் புத்தகத்தில் எழுதினார். "கூப்பிடமாட்டன்" என்றார்.

மீனம்மா சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு சலிக்கிற அறைக்குள் போனாள்.